சூப்பர்சார்ஜருக்கு எந்த அளவுப் புல்லி? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களைப் பற்றியவை; அவற்றிலும் பலர் கேட்டிருப்பது, பெல்ட்டின் மூலம் அதைச் சுழற்றும் சக்கரமான புல்லியின் அளவைத்தான். எஞ்சினைப் பிரிக்காமலேயே கூடுதல் சக்தி கிடைக்கும் வழி என்பதால் இந்த ஆர்வம் இயல்பானதே. ஆனால் விற்பவர்கள் ‘இத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தம் கூடும்’ என்ற ஒற்றை எண்ணைச் சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் அந்த எண்ணை மட்டுமே பார்த்து வாங்குகிறார்கள் என்பது கடிதங்களைப் படிக்கும்போது தெரிகிறது. இந்தத் தேர்வை எதிர்த்திசையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூப்பர்சார்ஜர் எவ்வளவு வேகம் தாங்கும், வெளியேறும் காற்று எவ்வளவு சூடாகும், நீங்கள் போடும் பெட்ரோல் அந்தச் சூட்டைத் தாங்குமா, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் மிச்சத் திறன் இருக்கிறதா என்பவற்றை முதலில் பார்த்துவிட்டு, அவை அனுமதிக்கும் அளவுக்குப் புல்லியைத் தேட வேண்டும்.

கேள்வி: நான் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் மாணவன். சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கினால் பூஸ்ட் (காற்று மண்டல அழுத்தத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல் அழுத்தம்) ஏன் கூடுகிறது? அதைக் காகிதத்தில் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். எஞ்சினின் கிராங்க் தண்டோடு சுற்றிப் பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் விட்டத்தைச் சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் வருவது ஓட்டு விகிதம். எஞ்சினின் வேகத்தை அந்த விகிதத்தால் பெருக்கினால் சூப்பர்சார்ஜரின் வேகம் கிடைக்கும். உற்பத்தியாளரே எண்களை வெளியிட்டுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டில் 6.2 லிட்டர் ஹெமி எஞ்சினின் மேல் 2,380 சி.சி. கொள்ளளவுள்ள இரட்டைத் திருகு வகைச் சூப்பர்சார்ஜர் அமர்ந்திருக்கிறது. ஓட்டு விகிதம் 2.36, எஞ்சினின் உச்ச வேகம் 6,200 ஆர்.பி.எம். இரண்டையும் பெருக்கினால் 14,600 சொச்சம் வருகிறது. சூப்பர்சார்ஜரின் உச்ச வேகம் என்று நிறுவனம் அறிவித்ததும் அதே 14,600தான்.

இப்போது காற்றின் கணக்கைப் பாருங்கள். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது சூப்பர்சார்ஜர் 2.36 முறை சுற்றி, சுற்றுக்கு 2.38 லிட்டர் வீதம் ஏறக்குறைய 5.6 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால், அதே ஒரு சுற்றில் அந்த 6.2 லிட்டர் எஞ்சின் இழுத்துக்கொள்ளக்கூடியது 3.1 லிட்டர் மட்டுமே. 5.6 லிட்டரை 3.1 லிட்டர் இடத்துக்குள் திணிக்கும்போது அழுத்தம் 1.8 மடங்காகிறது, காற்று மண்டல அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ. மீது 11.6 பி.எஸ்.ஐ. பூஸ்ட் என்று டாட்ஜ் சொல்லும் அளவும் ஏறக்குறைய அந்த 1.8 மடங்குதான். உட்கசிவும் வெப்பமும் இந்தக் கணக்கைச் சற்று இப்படியும் அப்படியும் நகர்த்தும் என்றாலும், பூஸ்ட் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். சூப்பர்சார்ஜர் தருவது காற்று. எஞ்சினால் அதை உடனுக்குடன் விழுங்க முடியாதபோது தேங்குவதைத்தான் மீட்டர் அழுத்தமாகக் காட்டுகிறது.

இதனால்தான் சிலிண்டர் ஹெட்டைச் சீரமைத்து, எக்ஸாஸ்டையும் தாராளமாக்கினால், சக்தி கூடும்போதே பூஸ்ட் மீட்டர் முன்பைவிடக் குறைவாகக் காட்டும். மீட்டர் இறங்கியதைக் கண்டு பதறி இன்னும் சிறிய புல்லியை வாங்குகிறவர்கள் உண்டு. நீங்கள் பட்டம் பெற்று இத்துறைக்கு வந்தால் அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். என்னிடம் 2005ஆம் ஆண்டின் மினி கூப்பர் எஸ் இருக்கிறது. அன்றாடம் வேலைக்கும் ஆண்டில் ஓரிரு முறை பந்தயத் தடத்துக்கும் ஓட்டுகிறேன். 15 விழுக்காடு, 17 விழுக்காடு, 19 விழுக்காடு சிறிய புல்லிகள் கிடைக்கின்றன. விலையில் பெரிய வேறுபாடு இல்லாததால் 19 விழுக்காட்டையே வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: 15 விழுக்காடு. காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தக் காரில் புல்லியைத் தொட்டால் தொடர்ந்து வரும் விளைவுகள் பல.

ஆர்53 என்று அறியப்படும் உங்கள் காரில் 1.6 லிட்டர் டிரைடெக் எஞ்சினுடன் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் இருக்கிறது. 45 என்பது ஒரு சுற்றில் அது தள்ளும் காற்றின் அளவைக் கன அங்குலத்தில் குறிப்பது; நம் கணக்கில் 0.74 லிட்டர். இது ரூட்ஸ் வகை. இந்த வகை காற்றைத் தனக்குள் அமுக்குவதில்லை. அள்ளி அந்தப் பக்கம் தள்ளுவதோடு சரி. அமுக்கம் நிகழ்வது வெளிவாயிலில், அதுவும் மிகுந்த வெப்பத்தை உண்டாக்கியபடி.

முதலில் விழுக்காட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விட்டம் 15 விழுக்காடு குறைந்தால் சூப்பர்சார்ஜரின் வேகம் 15 விழுக்காடு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒன்றை 0.85ஆல் வகுத்துப் பாருங்கள், 17.6 விழுக்காடு கூடுகிறது. 17 விழுக்காட்டுப் புல்லி 20.5 விழுக்காடும், 19 விழுக்காட்டுப் புல்லி 23.5 விழுக்காடும் வேகத்தைக் கூட்டுகின்றன. முந்தைய உரிமையாளர் கிராங்க் புல்லியை 2 விழுக்காடு பெரிதாக மாற்றியிருந்தால் அதுவும் இதனுடன் பெருகும்; 15 விழுக்காட்டுப் புல்லி அப்போது 20 விழுக்காடு வேகத்தைக் கூட்டிவிடும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் இப்போது காரில் இருக்கும் இரு புல்லிகளையும் அளவியால் அளந்து பாருங்கள். பெல்ட் அமரும் பள்ளங்களின் மேல்முகட்டிலிருந்து மேல்முகட்டுக்கு அளப்பது எளிது. எந்த இடத்தில் அளந்தாலும் பழையதையும் புதியதையும் ஒரே முறையில் அளக்க வேண்டும்.

அடுத்தது, சூப்பர்சார்ஜரைச் சுழற்ற எஞ்சின் கொடுக்கும் விலை. கணக்குக்கு வசதியாக, 6,500 ஆர்.பி.எம்.மில் உங்கள் சூப்பர்சார்ஜர் 13,000 சுற்றுகிறது, பூஸ்ட் 0.8 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்று மண்டல அழுத்தம்) என்று வைத்துக்கொள்வோம். ரூட்ஸ் வகையில் தள்ளப்படும் காற்றின் கன அளவை அழுத்த உயர்வால் பெருக்கினால் குறைந்தபட்சத் தேவை கிடைக்கும். இங்கே அது சுமார் 13 கிலோவாட். 15 விழுக்காட்டுப் புல்லியில் சுற்று 15,300 ஆகிப் பூஸ்ட் 1 பாரைத் தொட்டால் அது 19 கிலோவாட்டை எட்டுகிறது. வேகம் ஆறில் ஒரு பங்கு கூடியதற்கு விழுங்கும் சக்தி ஏறக்குறைய பாதியளவு கூடிவிட்டது. உராய்வும் உட்கசிவும் இதில் சேரவில்லை. புல்லி மேலும் சிறியதாக ஆக, புதிதாகக் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கைச் சூப்பர்சார்ஜரே எடுத்துக்கொள்ளும் கட்டம் வந்துவிடுகிறது.

வெப்பம் இதைவிடக் கடுமையானது. 30 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 1.8 மடங்கு அமுக்கும்போது, சூப்பர்சார்ஜரின் திறன் 55 விழுக்காடு என்று கொண்டால், வெளியே வரும் காற்று 130 டிகிரியாக இருக்கும். அதையே 2 மடங்கு அமுக்கி, கூடிய வேகத்தில் திறன் 50 விழுக்காடாகக் குறைந்தால், வெப்பம் 160 டிகிரியைத் தாண்டும். அந்தக் காற்றைக் குளிர்விக்க வேண்டிய உங்கள் காரின் இன்டர்கூலரோ எஞ்சினின் தலைமேல் அமர்ந்து, பானட்டில் உள்ள திறப்பின் வழியே வரும் காற்றை நம்பியிருக்கிறது. சாலையில் ஓடும்போது அது வேலை செய்யும். சிக்னலில் நின்றாலோ, தடத்தில் சுற்றுக்கு மேல் சுற்று ஓட்டினாலோ எஞ்சினின் சூட்டையே அதுவும் வாங்கிக்கொள்ளும். காற்று சூடானால் எரிபொருள் முன்கூட்டியே வெடித்து நாக்கிங் வரும். நாக் சென்சார் அதை உணர, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தி அங்கே கரைந்துபோகும். 19 விழுக்காட்டுப் புல்லி பொருத்திய கார், குளிர்ந்த காலையில் சக்தியை அளக்கும் டைனோவில் காட்டும் எண்ணைத் தடத்தின் ஐந்தாவது சுற்றில் காட்டாது.

ஆர்53க்கே உரிய செய்தி ஒன்றும் இருக்கிறது. இந்த எஞ்சினில் தண்ணீர் பம்ப் தனியாக ஓடுவதில்லை. சூப்பர்சார்ஜரின் பின்முனையில் உள்ள பல்சக்கரங்கள்தாம் அதை ஓட்டுகின்றன. புல்லியைச் சிறிதாக்கினால் தண்ணீர் பம்பும் அதே அளவு வேகமாகச் சுற்றும். அந்தப் பல்சக்கரங்களுக்கான எண்ணெய் மிகக் குறைந்த அளவே உள்ளே இருக்கிறது, வழக்கமான சர்வீஸில் யாரும் அதைத் தொடுவதில்லை. 20 ஆண்டு கடந்த காரில் அது வற்றிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். பல்சக்கரம் தேய்ந்தால் தண்ணீர் பம்ப் நின்று எஞ்சின் கொதித்துவிடும். எனவே புல்லிக்காகச் செலவிடும் முன் சூப்பர்சார்ஜரைக் கழற்றி இரு முனைகளிலும் எண்ணெயை மாற்றுங்கள். கிராங்க் புல்லியையும் அப்போதே பாருங்கள். அதன் நடுவில் அதிர்வைத் தணிக்க ரப்பர் வளையம் உண்டு, இந்த மாடலில் அது வெடித்துப் பிரிவது நன்கு அறியப்பட்ட குறை. பிரியும் நிலையில் உள்ள கிராங்க் புல்லியுடன் சூப்பர்சார்ஜரின் சுமையைக் கூட்டக் கூடாது. அதற்குப் பதிலாக ரப்பர் இல்லாத இலகுவான அலுமினியப் புல்லியைப் போடும்படி யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்த வளையம் கிராங்க் தண்டின் முறுக்கு அதிர்வைத் தாங்குவதற்காகவே அங்கே வைக்கப்பட்டது.

மினி நிறுவனத்தின் ஒப்புதலுடன் வந்த ஜான் கூப்பர் வொர்க்ஸ் தொகுப்பில் 11 விழுக்காடு சிறிய புல்லிதான் கொடுத்தார்கள். அதனுடன் சீரமைத்த சிலிண்டர் ஹெட்டையும் மாற்றிய மென்பொருளையும் சேர்த்தே கொடுத்தார்கள். உத்தரவாதம் தர வேண்டியவர்கள் எந்த அளவில் நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 15 விழுக்காட்டோடு ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை விரைவாகக் கடத்தும்) ஸ்பார்க் பிளக், அதற்கேற்ற நீளமுள்ள பெல்ட், நல்ல ட்யூனரிடம் செய்துகொண்ட மென்பொருள் மாற்றம், 97 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்டேன் உள்ள சூப்பர் பெட்ரோல் ஆகியவை இருந்தால், நீங்கள் சொன்ன பயன்பாட்டுக்கு இந்தக் கார் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஹெட்டும் எக்ஸாஸ்டும் பெரிய இன்டர்கூலரும் மாற்றிய பிறகு 17 விழுக்காட்டைப் பற்றி யோசிக்கலாம். 19 விழுக்காட்டை அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவில், ஹூஸ்டனில் இருக்கிறேன். என் ஹெல்கேட்டுக்கு மேல் புல்லியைச் சிறிதாக்குவதா, கீழே கிராங்க் புல்லியைப் பெரிதாக்குவதா? இரண்டில் எது நல்லது?

பதில்: சூப்பர்சார்ஜரைப் பொறுத்தவரை ஓட்டு விகிதம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே. வேறுபாடு பெல்ட்டில் இருக்கிறது. மேல் புல்லியைச் சிறிதாக்கும்போது பெல்ட் அதைத் தழுவும் பரப்பு குறைகிறது, பிடிமானமும் குறைகிறது. கீழ்ப் புல்லியைப் பெரிதாக்கும்போது பிடிமானம் கெடுவதில்லை, ஆனால் பெல்ட்டின் வேகம் கூடுகிறது, அந்தப் பெல்ட் வேறு எதையெல்லாம் ஓட்டுகிறதோ அவையும் வேகமாகச் சுற்றும். வேலையிலும் வேறுபாடு உண்டு: மேல் புல்லியை மாற்றுவது எளிது, கிராங்க் புல்லியைக் கழற்ற முன்பகுதியில் நிறையப் பிரிக்க வேண்டும். சிறிய மாற்றத்துக்கு மேல் புல்லி போதும். பெரிய மாற்றம்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், அதிர்வு தணிப்பானுடன் கூடிய தரமான கிராங்க் புல்லியில் பாதியையும் மேல் புல்லியில் பாதியையும் பகிர்ந்துகொள்வது நல்லது.

ஆனால் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மேல் புல்லி 10 விழுக்காடு சிறிதானால் ஓட்டு விகிதம் 2.62 ஆகும், 6,200 ஆர்.பி.எம்.மில் சூப்பர்சார்ஜர் 16,200 சுற்றுக்கு மேல் போகும். உற்பத்தியாளர் 14,600ஐ உச்சமாக வைத்த ஒரு பொருளை அதைவிட 1,600 சுற்று கூட்டி ஓட்டப் போகிறீர்கள். தாங்குமா என்பதைச் சூப்பர்சார்ஜரை நன்கறிந்தவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் பைபாஸ் வால்வும் இந்தக் காரில் மின்னணு முறையில் இயங்குகிறது. மென்பொருளை மாற்றாமல் புல்லியை மட்டும் மாற்றினால், கூடுதலாக வரும் காற்றை அந்த வால்வே திருப்பி விட்டுவிடக்கூடும்.

டாட்ஜ் நிறுவனமே இதே எஞ்சினிலிருந்து மேலும் சக்தி எடுக்க விரும்பியபோது என்ன செய்தது என்று பாருங்கள். 2018ஆம் ஆண்டின் டீமனில் பூஸ்ட்டை 14.5 பி.எஸ்.ஐ.க்கு உயர்த்தினார்கள், அதற்காகச் சூப்பர்சார்ஜரின் கொள்ளளவையே 2.4 லிட்டரிலிருந்து 2.7 லிட்டராகப் பெரிதாக்கினார்கள். அதோடு நிற்காமல், கார் உள்ளறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யின் குளிர்பதனத்தை இன்டர்கூலருக்கான நீரைக் குளிர்விக்கத் திருப்பிவிட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் ஆய்வு செய்யக்கூடிய ஒரு நிறுவனம், சிறிய சூப்பர்சார்ஜரை வெறுமனே விரட்டுவதோடு நிற்காமல், அதைப் பெரிதாக்கிக் காற்றைக் குளிர்விப்பதிலும் பணத்தைப் போட்டிருக்கிறது. ஹூஸ்டனின் கோடையில் ஓட்டும் நீங்களும் அந்த வரிசையைப் பின்பற்றலாம்: முதலில் இன்டர்கூலர் நீரின் கொள்ளளவைக் கூட்டி, பம்ப்பையும் முன் ரேடியேட்டரையும் மேம்படுத்துங்கள். பிறகு ஒரு வெயில் நாளில், முழு ஆக்ஸிலரேட்டரில் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பதிவு செய்து பாருங்கள். அந்தப் பதிவு நிதானமாக இருந்தால் புல்லிக்குப் போகலாம்.

கேள்வி: கொலராடோவின் டென்வரில் இருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் மஸ்டாங் கோப்ரா வைத்திருக்கிறேன். கடல் மட்டத்தில் 8 பி.எஸ்.ஐ. காட்டும் கார் இங்கே அதைக் காட்டுவதில்லை. சிறிய புல்லியால் சரிக்கட்டலாமா?

பதில்: கார் பழுதில்லை. டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மண்டல அழுத்தமே 12.1 பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கிறது. உங்கள் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், தன்னிடம் வரும் காற்றின் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே மடங்கால்தான் உயர்த்தும். கடல் மட்டத்தில் 1.54 மடங்கு என்பது 8 பி.எஸ்.ஐ.; டென்வரில் அதே 1.54 மடங்கு என்பது 6.6 பி.எஸ்.ஐ.

எஞ்சினுக்குள் கடல் மட்டத்தில் கிடைத்த அதே மொத்த அழுத்தம் வேண்டுமென்றால் 1.87 மடங்கு தேவை. அதற்குச் சூப்பர்சார்ஜரை ஏறக்குறைய 21 விழுக்காடு வேகமாகச் சுற்ற வேண்டும். செய்யலாம், மலைப்பகுதிகளில் பலர் செய்கிறார்கள். ஆனால் அமுக்கம் கூடியதால் காற்று முன்பைவிடச் சூடாக வரும், ஆகவே அழுத்தம் சமமானாலும் சக்தி முழுமையாகச் சமமாகாது. அதைவிட முக்கியமானது, அந்தப் புல்லியோடு விடுமுறைக்குக் கடற்கரை நகரத்துக்கு இறங்கினால் பூஸ்ட் 12.8 பி.எஸ்.ஐ.யைத் தொடும். கார் போகக்கூடிய இடங்களிலேயே தாழ்வான இடத்தை மனத்தில் வைத்துத்தான் புல்லியையும் ட்யூனையும் முடிவு செய்ய வேண்டும். மையக்குடம் அப்படியே இருக்க, வெளிவளையத்தை மட்டும் போல்ட்டைக் கழற்றி மாற்றும் வகைப் புல்லிகள் கிடைக்கின்றன. மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என இரண்டு வளையங்களும் இரண்டு பெல்ட்டுகளும் இரண்டு ட்யூன்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். சிறிய புல்லி போட்ட பிறகு 5,500 ஆர்.பி.எம். வரை பூஸ்ட் நன்றாக ஏறுகிறது, அதற்கு மேல் இறங்கிவிடுகிறது. இன்னும் சிறிய புல்லி தேவையா?

பதில்: தேவையில்லை, போட்டால் நிலைமை மோசமாகும். நீங்கள் சொல்வது பெல்ட் வழுக்குவதன் அடையாளம். ஒரு பெல்ட்டின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 190 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிராங்க் புல்லி 6,200 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் பெல்ட் வினாடிக்கு 60 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது சூப்பர்சார்ஜருக்கு 60 கிலோவாட் சக்தியைக் கடத்தினால், அதன் இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இடையிலான இழுவிசை வேறுபாடு ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம். இதைப் புல்லியின் சிறு வளைவில் படிந்திருக்கும் ரப்பர் வரிகள் மட்டுமே தாங்க வேண்டும்.

எஞ்சின் ஆறிய பிறகு பெல்ட்டைக் கழற்றி உள்முகத்தைப் பாருங்கள். வரிகளின் பக்கவாட்டு கண்ணாடிபோல் பளபளத்தால், புல்லியைச் சுற்றிக் கரித்தூள்போல் ரப்பர் துகள் படிந்திருந்தால், வழுக்கல் உறுதி. பெரும்பாலும் காரணம் பழைய நீளப் பெல்ட்டையே திரும்பப் போட்டிருப்பதுதான். பெல்ட் புல்லியில் பாதிச் சுற்றைத் தழுவுவதாகக் கொண்டால், விட்டம் 10 மில்லிமீட்டர் குறையும்போது பெல்ட் 16 மில்லிமீட்டர் அளவுக்கு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தைப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் கையை நீட்டி எடுத்துக்கொள்கிறது. எல்லை வரை நீண்டுவிட்டால் அதனிடம் இறுக்கம் இருக்காது. டென்ஷனரின் கை அதன் பாதையின் நடுப்பகுதியில் நிற்கும்படி குட்டையான பெல்ட்டைப் போடுங்கள். அப்படியும் வழுக்கினால், புல்லியைத் தழுவும் வளைவைக் கூட்டக் எதையும் ஓட்டாமல் பெல்ட்டை வழிநடத்த மட்டும் சுற்றும் ஐட்லர் புல்லி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துவது, ஆறு வரிப் பெல்ட்டுக்குப் பதில் எட்டு வரிக்கு மாறுவது ஆகியவை வழி. டென்ஷனரை மிகையாக முறுக்கிக் கட்டினால் சூப்பர்சார்ஜரின் முன்முனை பேரிங் பலியாகும்.

பெல்ட் சரியாக இருந்தும் பூஸ்ட் விழுந்தால், சூப்பர்சார்ஜருக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயையும் ஃபில்ட்டரையும் சந்தேகியுங்கள். வாயைக் கட்டிவிட்டு வேகமாகச் சுற்றச் சொன்னால் அது வெப்பத்தை மட்டுமே கொடுக்கும்.

கேள்வி: மேலே சொன்ன கணக்குகள், விசிறி போன்ற சக்கரத்தால் காற்றை வீசித் தள்ளும் மையவிலக்கு வகைச் சூப்பர்சார்ஜருக்கும் பொருந்துமா?

பதில்: வேகக் கணக்கு பொருந்தும், உள்ளே இருக்கும் பல்சக்கர விகிதத்தையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அழுத்தக் கணக்கு பொருந்தாது. மையவிலக்கு வகையில் அழுத்த உயர்வு ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 10 விழுக்காடு கூடினால் 8 பி.எஸ்.ஐ. என்பது 9.7 அளவுக்கு ஏறும். உச்ச வேகத்தில்தான் அந்த ஏற்றம் முழுமையாகத் தெரியும் என்பதால், ரெவ் லிமிட்டை (எஞ்சினின் உச்ச வேக வரம்பை) உயர்த்துவதும் புல்லியைச் சிறிதாக்குவதும் சேர்ந்தால் விளைவு எதிர்பாராத அளவுக்குப் போய்விடும். அந்தச் சக்கரமான இம்பெல்லருக்கு உற்பத்தியாளர் தரும் வேக வரம்பை ரெவ் லிமிட்டில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள், அன்றாடம் ஓட்டும் வேகத்தில் அல்ல.

கேள்வி: சென்னையில் பழைய மெர்சிடிஸ் சி200 கம்ப்ரஸர் வாங்கியிருக்கிறேன். 1.8 லிட்டர், 163 பி.எச்.பி. வெளிநாட்டிலிருந்து சிறிய புல்லி வரவழைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்று நம் ஊர்ப் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரே அளவு காற்றை எரிக்க, கலப்பில்லாத பெட்ரோலைவிட இது எட்டு, ஒன்பது விழுக்காடு கூடுதலாகத் தேவைப்படும். அதாவது புல்லியைத் தொடுவதற்கு முன்பே உங்கள் இன்ஜெக்டர்களின் மிச்சத்தில் ஒரு பங்கு போய்விட்டது. மே மாதச் சென்னையில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று, வெளியே வரும்போது எவ்வளவு சூடாக இருக்கும் என்பதையும் மேலே கண்ட கணக்கைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். தவிர, பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

இந்த வயதுடைய காரில், தொலைந்துபோன சக்தியைத் திரும்பப் பெறுவதே பெரிய ஆதாயம். இன்டர்கூலர் குழாய்களின் இணைப்புகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, வெப்பத்தில் நொறுங்கும் பிளாஸ்டிக் சுவாசக் குழாய்கள் உடைந்திருக்கின்றனவா, பைபாஸ் ஃபிளாப் முழுமையாக மூடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புகையை உள்ளே செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி நல்ல பணிமனைகளில் இருக்கிறது. அந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில வினாடிகளில் சலசலப்பு கேட்டால் டைமிங் செயின் நீண்டிருக்கலாம். அதை மாற்றும் வரை வண்டியை விரட்டி ஓட்டாதீர்கள்.